மொறிஸ் மைனருக்குச் சன்னி எஞ்சின்: ஏற்றிய பிறகு வரும் கோளாறுகளும் முதலில் பார்க்க வேண்டிய இடங்களும்

யாழ்ப்பாணத்தில் இன்னும் ஓடுகிற மொறிஸ் மைனர் பலவற்றின் பொனற்றைத் திறந்தால் உள்ளே இருப்பது நிசான் எஞ்சின். பழைய 948 அல்லது 1098 சிசி எஞ்சினை இறக்கிவிட்டு, உடைத்த நிசான் சன்னி கார் ஒன்றிலிருந்து 1171 சிசி ஏ12 எஞ்சினைக் கியர்பொக்ஸோடு தூக்கி வைத்திருப்பார்கள். இன்னும் வலு வேண்டும் என்பவர்கள் 1397 சிசி ஏ14 வைப்பார்கள். மொறிஸின் 948க்கு 37 குதிரை வலு; சன்னி எஞ்சினுக்கு 60க்கு மேல். பழைய சாமானுக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தை இருக்கிறது, வெல்டிங்குக்கு ஊரிலேயே நல்ல கைகள் இருக்கின்றன. ஏற்றுகிற வேலை முடிந்துவிடும். அதற்குப் பிறகு வருகிற முறைப்பாடுகள்தான் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி இருக்கின்றன.

அந்த முறைப்பாடுகளோடு வருகிறவர்கள் அநேகமாக எஞ்சினைத்தான் குற்றம் சொல்வார்கள். "அண்ணை, எஞ்சின் சரியில்லை போல, ஹெட்டைக் கழட்டிப் பாப்பமோ?" என்பதுதான் முதல் கேள்வி. கழற்ற வேண்டாம். சன்னியை உடைக்கும்போது எஞ்சினோடு சேர்ந்து வராமல் எது விடுபட்டது என்று முதலில் தேடுங்கள். ஒரு எர்த் வயர், விசிறியைச் சுற்றி வரும் கூடு, ஒரு சின்ன ரெசிஸ்ரர், காபரேற்றரிலிருந்து வரும் ஒற்றை வயர். கோளாறு பெரும்பாலும் அங்கேதான். பிறகு பழைய காரும் புது எஞ்சினும் சந்திக்கிற இடங்கள். எஞ்சினின் உள்பக்கம் கடைசி.

கையில் இருக்க வேண்டியவை: மல்ரிமீற்றர், ரைமிங் லைற், பீலர் கேஜ், அளவு நாடா. காருக்குக் கீழே போவதென்றால் ஜக் மட்டும் போதாது, ஸ்ராண்ட் வையுங்கள். செங்கல், சீமெந்துக் கல் எதையும் நம்பவேண்டாம்.

நின்றால் சூடேறுகிறது, ஓடினால் இறங்குகிறது

கஸ்தூரியார் வீதியில் வாகன நெரிசலில் நிற்கும்போதோ நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஊர்ந்து போகும்போதோ முள் ஏறும்; வெளியே வந்து 50இல் ஓடினால் இறங்கிவிடும். இப்படியானால் தண்ணீர் சுற்றுகிறது, காற்றுத்தான் போதவில்லை.

மின் விசிறி பூட்டியிருந்தால் முதலில் அது எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பாருங்கள். மொறிஸ் மைனர் கம்பனியிலிருந்து வந்தபோது பொசிற்றிவ் எர்த், அதாவது பற்றரியின் பொசிற்றிவ் முனை பொடியோடு இணைந்தது. சன்னி அல்ரனேற்றருக்காக நெகற்றிவ் எர்த்துக்கு மாற்றும்போது, முன்பே காரில் பூட்டியிருந்த மின் விசிறியின் வயர்களை மாற்றாமல் விட்டால் விசிறி மறுபக்கம் சுற்றும். சத்தம் வரும், காற்றும் வரும், ஆனால் எதிர்த்திசையில். கிறிலுக்கு முன்னால் ஒரு கடதாசித் தாளைப் பிடியுங்கள். தாள் றேடியேற்றரில் ஒட்டிக்கொண்டால் சரி. வெளியே தள்ளினால் இரண்டு வயரையும் இடம் மாற்றுங்கள். ஒரு சதமும் செலவில்லை.

எஞ்சினோடு வந்த விசிறியாக இருந்தால், இதழ் நுனிக்கும் றேடியேற்றருக்கும் இடையிலுள்ள தூரத்தை அளங்கள். ஒரு கை நுழைகிற அளவு இடைவெளி இருந்தால் விசிறி பொனற்றுக்குள் இருக்கிற சூடான காற்றையே திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருக்கும். சன்னியில் அந்த இடைவெளியை மூடிச் சுற்றிவர ஒரு கூடு இருந்தது. உடைத்தவர்கள் அதைத் தூக்கிப் போட்டிருப்பார்கள். தகரக்காரரிடம் கொடுத்து றேடியேற்றரின் அகலத்துக்கு ஒரு கூடு வளைத்துப் பூட்டினால், புது றேடியேற்றர் வாங்கினால் கிடைப்பதைவிடக் கூடிய பலன் கிடைத்த கார்கள் உண்டு.

இரண்டும் சரியென்றால் பெல்ற்றின் இறுக்கம், அதன்பின் காற்றுக் குமிழி. குமிழியை அசட்டை பண்ணவேண்டாம். சன்னியின் பதிந்த றேடியேற்றரை மைனருக்குள் வைத்தால் தேமோஸ்ரற் இருக்கும் கழுத்து றேடியேற்றர் மூடியைவிட உயரமாகிவிடும். காற்று அந்தக் கழுத்தில் தங்கும். எங்கள் ஊரில் ஏற்றமான வீதி இல்லை, ஆகவே முன்பக்கத்தை ஜக்கால் உயர்த்தி ஸ்ராண்டில் வைத்து, மூடியைத் திறந்து, எஞ்சினை ஐடிலில் (அக்ஸிலேற்றரை மிதிக்காமல்) ஓடவிட்டு, மேல் ஹோஸைக் கையால் பிசைந்து பிசைந்து தண்ணீர் விடுங்கள். குமிழி வருவது நின்ற பிறகு மூடுங்கள். அடிக்கடி இதே கதை என்றால், எல்லாவற்றையும்விட உயரமான இடத்தில் ஒரு தண்ணீர்ப் போத்தல் வைத்து மூடியை அதற்கு மாற்ற வேண்டும்.

சூடாக இருக்கும்போது மூடியில் கை வைக்கவே வேண்டாம்.

ஊருக்குள் சரி, ஏ9இல் சூடேறுகிறது

ஆனையிறவு வரை முள் நடுவில் நிற்கும், பரந்தன் வர ஏறத் தொடங்கும். இங்கே காற்றுக்குக் குறைவில்லை. தண்ணீர் போதிய அளவு ஓடவில்லை, அல்லது எஞ்சின் தேவைக்கு மேல் சூட்டை உண்டாக்குகிறது.

முதலில் கீழ் ஹோஸ். ஒருவரை அக்ஸிலேற்றரை மிதிக்கச் சொல்லிவிட்டுக் கீழ் ஹோஸைப் பாருங்கள். சப்பையாகி உள்ளே இழுபட்டால் அதுதான் காரணம். மொறிஸ் றேடியேற்றரையும் நிசான் பம்பையும் இணைக்கக் கடையில் கிடைத்த மெல்லிய ஹோஸைப் பூட்டியிருப்பார்கள். உள்ளே கம்பிச் சுருள் உள்ள தடித்த ஹோஸ் வேண்டும்.

அடுத்தது ரைமிங், அதாவது பொறி விழும் நேரம். ஏ12க்கு ஐடிலில் பொதுவாக 5 முதல் 7 பாகை முன்னுக்கு. டிஸ்ரிபியூற்றரைக் கழற்றிப் பூட்டியவர்கள் காதால் கேட்டு வைத்திருந்தால் பிந்தியிருக்க வாய்ப்பு அதிகம். பிந்திய ரைமிங்கில் கார் ஓடும், ஆனால் இழுவை குறைந்து சூடு ஏறும். ரைமிங் லைற் பிடித்துப் பாருங்கள். டிஸ்ரிபியூற்றருக்கு வரும் வக்கியூம் குழாய் பூட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். அதுவும் விடுபடுகிற பொருள்தான்.

பிறகு றேடியேற்றர். இதில் எங்கள் ஊருக்கென்று ஒரு காரணம் இருக்கிறது. குடாநாட்டுக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருவது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுவே றேடியேற்றர்க் குழாய்களுக்குள்ளும் படியும். வேலணை, ஊர்காவற்றுறைப் பக்கம் உவர்த் தண்ணீர் என்றால் துருவும் சேரும். எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி நிறுத்திவிட்டு, விசிறி வயரைக் கழற்றி, றேடியேற்றரின் முகத்தில் உள்ளங்கையை மெல்ல நகர்த்திப் பாருங்கள். சூடாக வந்துகொண்டிருக்கும்போது ஒரு பகுதி மட்டும் குளிராகத் தட்டுப்பட்டால் அந்தக் குழாய்கள் அடைபட்டுவிட்டன. பழைய பித்தளை றேடியேற்றர் என்றால் தொட்டியைக் கழற்றிக் கம்பி விட்டுத் துப்புரவாக்கித் திரும்ப ஈயம் ஒட்டலாம். அது றேடியேற்றர் வேலை செய்கிறவரின் கை வேலை, வீட்டில் முயல வேண்டாம். அதன் பிறகு கிணற்றுத் தண்ணீர் விடவேண்டாம். கூலன்ற் விடுங்கள். அது முடியாவிட்டால் காய்ச்சி வடித்த தண்ணீரோடு துருத் தடுப்பு மருந்து. மாரியில் பிடித்து வடிகட்டிய மழைத் தண்ணீர்கூடக் கிணற்றுத் தண்ணீரைவிட நல்லது.

மூடியையும் பாருங்கள். மொறிஸ் றேடியேற்றர் மூடி 7 இறாத்தல் அழுத்தத்துக்கானது, நிசானுடையது 13. நிசான் மூடியைப் பழைய மொறிஸ் றேடியேற்றரில் போட்டால் ஒட்டுக்கள் பிளக்கும். றேடியேற்றர் எதுவோ அதன் மூடியைப் போடுங்கள்.

சூடேறினால் தேமோஸ்ரற்றைக் கழற்றி எறிவது இங்கே வழக்கமாகிவிட்டது. நான் அதற்கு உடன்படமாட்டேன். கழற்றினால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வராது, பெற்றோலும் கூடச் செல்லும். சந்தேகமென்றால் தேமோஸ்ரற்றை ஒரு சட்டித் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வையுங்கள். 82 பாகைக்கானது அந்தச் சூட்டைத் தாண்டத் திறக்கத் தொடங்க வேண்டும். திறக்காவிட்டால் புதிது வாங்குங்கள்.

எல்லாம் பார்த்தும் தீரவில்லையா? எஞ்சின் ஓடும்போது மூடிக் கழுத்தில் இடைவிடாமல் குமிழி வருகிறதா, டிப்ஸ்ரிக்கில் ஒயில் பால் நிறமாக இருக்கிறதா, காலையில் சைலன்சரிலிருந்து வெள்ளைப் புகை நின்று போகாமல் வருகிறதா என்று பாருங்கள். மூன்றில் ஒன்று இருந்தாலும் ஹெட் கஸ்கெற்றைச் சந்தேகிக்க வேண்டும். இனிக் காரை ஓட்டாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஹெட்டைக் கழற்றினால் லேத்தில் கொடுத்து மட்டம் பார்க்காமல் திரும்பப் பூட்ட விடவேண்டாம்.

முள் சிவப்பில், தண்ணீரோ கொதிக்கவில்லை

மைனருக்குக் கம்பனி சூட்டு மீற்றர் வைக்கவில்லை. இப்போது டாஷில் இருப்பது பிறகு பூட்டியது. மீற்றர் ஒரு காரினது, எஞ்சினில் இருந்து சூட்டை உணர்ந்து அதற்குச் சொல்லும் சென்டர் சன்னியினது என்றால் முள் பொய் சொல்லும். மீற்றரையும் சென்டரையும் ஒரு சோடியாக வாங்கிப் பூட்டுங்கள். புரி ஒத்துவராவிட்டால் றெப்லோன் நாடாவைத் தடிப்பாகச் சுற்றி இறுக்க வேண்டாம். சென்டருக்கு எர்த் கிடைக்காமல் முள் இன்னொரு விதமாகப் பொய் சொல்லும்.

திறப்பைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அல்லது ஸ்ராட்டர் இழுத்து இழுத்துச் சுற்றுகிறது

இந்த முறைப்பாட்டோடு வந்தவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி: "ஸ்ராட் அடிச்ச உடன அக்ஸிலேற்றர்க் கேபிளைத் தொட்டுப் பாத்தனீங்களோ?"

சூடாக இருந்தால் விடை கிடைத்துவிட்டது. எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கில் இருக்கிறது. ரப்பருக்குள்ளால் மின்சாரம் போகாது. எஞ்சினிலிருந்து பொடிக்கு வரும் தடித்த எர்த் பட்டி இல்லையென்றால் ஸ்ராட்டர் இழுக்கிற அத்தனை அம்பியரும் அக்ஸிலேற்றர்க் கேபிள், சோக் கேபிள், ஸ்பீடோ கேபிள் வழியாகத் திரும்பும். சோக் கேபிளின் பிளாஸ்ரிக் உறை உருகிப் புகை வந்த கார்களும் உண்டு. அதை நெருப்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பற்றரி வயரைக் கழற்றிவிட்டுத்தான் அடுத்த வேலை.

சோதிப்பது சுலபம். மல்ரிமீற்றரை வோல்ற்றில் வைத்து, ஒரு முனையைப் பற்றரியின் நெகற்றிவ் முனையில், மற்றதை எஞ்சின் கட்டையின் சுத்தமான இரும்பில் பிடித்து, ஒருவரை ஸ்ராட் அடிக்கச் சொல்லுங்கள். 0.5 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் எர்த் போதாது. பற்றரியிலிருந்து கியர்பொக்ஸின் போல்ற் ஒன்றுக்கு நேராக ஒரு தடித்த வயரும், எஞ்சினிலிருந்து பொடிக்கு ஒரு பட்டியும் போடுங்கள். போல்ற் இறுகும் இடத்தில் பெயின்ற்றைச் சுரண்டுங்கள். எங்கள் உப்புக் காற்றில் அந்த இடம் ஒரு மாரிக்குள் பச்சை பிடிக்கும், இறுக்கிய பிறகு மேலே கிறீஸ் பூசுங்கள்.

எர்த் சரியென்றால் பற்றரி: ஓடாமல் இருக்கும்போது 12.6 வோல்ற் அளவில் இருக்க வேண்டும். பற்றரியும் சரி, வயரும் சரி, இன்னும் 'டக்' என்றால் ஸ்ராட்டரைக் கழற்றிக் கார் வயரிங்காரரிடம் கொடுங்கள்.

சார்ஜ் லைற் அணையவில்லை, அல்லது பற்றரி இரவில் இறங்குகிறது

எஞ்சின் ஓடும்போது பற்றரி முனைகளில் 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். 12.5இலேயே நின்றால், முதலில் கேட்க வேண்டியது ரெகுலேற்றர் எங்கே என்று. பழைய சன்னிகளில் அது அல்ரனேற்றருக்கு வெளியே, பொடியில் தனியாகப் பூட்டிய சின்னப் பெட்டி. எஞ்சினை மட்டும் தூக்கி வந்தவர்கள் அதைச் சன்னியிலேயே விட்டுவிடுவார்கள். பிந்திய மாடல்களில் அல்ரனேற்றருக்குள்ளேயே இருக்கும். உங்களுடையது எதுவென்று பாருங்கள்.

15க்கு மேல் காட்டினால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள். பற்றரி கொதிக்கும், லைற் எல்லாம் எரியும்.

மொறிஸின் டைனமோவுக்குப் போட்ட பழைய வயரில் அல்ரனேற்றரைப் பூட்டியிருந்தாலும் கவனம் தேவை. டைனமோ 20 அம்பியர் அளவில் தருவது. அல்ரனேற்றர் அதைப்போல இரண்டு மடங்கு தரும். வயர் தொடும்போது சுட்டால் அல்ரனேற்றரிலிருந்து பற்றரிக்குப் புதிதாகத் தடித்த வயர் ஒன்று இழுக்க வேண்டும். மைனரின் 60 வருட வயரிங்கில் துணி சுற்றிய வயர் இன்னும் இருந்தால் முழுவதையும் மாற்றுவதுதான் என் விருப்பம். அந்த வேலையை வயரிங்காரரிடம் விடுங்கள்.

காலை எடுத்தால் எஞ்சின் நிற்கிறது

அக்ஸிலேற்றரை மிதித்தால் ஓடுகிறது, விட்டால் நிற்கிறது. காபரேற்றரைக் கழற்றி ஊதி, ஜெற் மாற்றி, கிற் வாங்கிப் பார்த்துக் களைத்தவர்கள் உண்டு. சன்னியின் ஹிற்றாச்சி காபரேற்றர் பலவற்றில் பக்கத்தில் ஒரு சின்னச் சொலனோயிட் இருக்கிறது. அதிலிருந்து ஒரே ஒரு வயர் தொங்கும். திறப்பைப் போட்டால் அதற்கு 12 வோல்ற் வர வேண்டும். வராவிட்டால் ஐடில் பாதை திறக்காது. வயரைப் பற்றரியில் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். 'டிக்' என்று கேட்டால் சொலனோயிட் நல்லது. திறப்போடு உயிர் பெறும் இடத்தில் அந்த வயரைக் கொடுங்கள். முடிந்தது.

'டிக்' கேட்டும் ஐடில் இல்லையென்றால் காபரேற்றருக்குக் கீழே காற்று இழுக்கிறதா என்று பாருங்கள், பிறகு ஐடில் ஜெற்.

சூட்டில் நிறுத்தினால் திரும்ப ஸ்ராட் வரவில்லை

சாவகச்சேரியில் தேநீர் குடிக்க நிறுத்தினால் பத்து நிமிடத்தில் ஸ்ராட் வராது. அரை மணித்தியாலம் பொறுத்தால் வரும். ஹிற்றாச்சி காபரேற்றரின் பக்கத்தில் ஒரு கண்ணாடி ஜன்னல் இருக்கும், பெற்றோல் மட்டம் அதிலுள்ள குறியோடு நிற்க வேண்டும். ஸ்ராட் வராத நேரத்தில் அதைப் பாருங்கள்.

ஜன்னல் காலி: பெற்றோல் சூட்டில் ஆவியாகிவிட்டது. பெற்றோல்க் குழாய் சைலன்சர் பைப்புக்குக் கிட்டப் போனால் தள்ளிப் பூட்டுங்கள். காபரேற்றருக்குக் கீழே ஒரு தகரத் தட்டு வையுங்கள். பம்பையும் பாருங்கள். மொறிஸின் மின் பம்பையும் நிசான் எஞ்சினின் பம்பையும் வரிசையாக இணைத்தவர்கள் உண்டு. ஒன்று போதும். நான் எஞ்சினோடு வந்ததையே வைப்பேன். மொறிஸ் பம்பை வைத்துக்கொள்வதென்றால், உள்ளே டயோட் உள்ள வகை எர்த்தை மாற்றினால் பழுதாகும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஜன்னலில் பெற்றோல் இருக்கிறது: பொறி இல்லாமல் இருக்கலாம். கொயில் சூட்டில் விடுகிறதா, கண்டென்சர் போய்விட்டதா என்று பாருங்கள்.

ஜன்னலில் கலங்கல், மண்ணிறப் பொடி: தாங்கி. தொண்ணூறுகளில் பெற்றோல் கிடைக்காமல் மண்ணெண்ணெயில் ஓடிய கார்களின் தாங்கிகளில் அடியில் பிசுபிசுப்பான படிவு இன்னும் இருக்கும், துருவும் கூட. பழைய எஞ்சின் அதைச் சகித்துக்கொண்டது. ஹிற்றாச்சியின் சிறிய ஜெற் சகிக்காது. தாங்கியை இறக்கிக் கழுவி, கண்ணாடிப் பில்ற்றர் ஒன்று போடுங்கள். துளை விழுந்த பெற்றோல்த் தாங்கியை வெல்டிங் செய்யத் தெரிந்தவரிடமே கொடுக்க வேண்டும். வீட்டில் அதற்குக் கிட்ட நெருப்புக் கொண்டுபோகவே வேண்டாம்.

பொயின்ற் அடிக்கடி எரிகிறது, அல்லது வேகத்தில் இருமுகிறது

சன்னியின் கொயில் பலவற்றுக்கு வெளியே ஒரு வெள்ளைப் பீங்கான் ரெசிஸ்ரர் உண்டு. கொயிலின் இரண்டு சிறு முனைகளுக்கிடையே ஓம் அளங்கள். 1.5 ஓம் அளவில் இருந்து ரெசிஸ்ரர் இல்லாவிட்டால் பொயின்ற் (டிஸ்ரிபியூற்றருக்குள் திறந்து மூடும் தொடுமுனை) எரியும், கொயிலும் சுடும். 3 ஓம் கொயிலுக்கு ரெசிஸ்ரரும் போட்டிருந்தால் பொறி மெலியும், 60க்கு மேல் இருமும். ஒன்றுக்கொன்று பொருந்த வையுங்கள். மொறிஸின் பழைய கொயிலையே பூட்டியிருந்தால் எர்த் மாற்றியதோடு அதன் இரு வயர்களையும் இடம் மாற்ற வேண்டும். பொயின்ற் இடைவெளி 0.45 முதல் 0.55 மி.மீ., வால்வு இடைவெளி சூட்டில் 0.35 மி.மீ.

அதிர்வு

ஆளில்லாத நேர் வீதியில் அதிர்வு வரும் வேகத்துக்குப் போய், கிளச்சை மிதித்து நியூற்றலில் உருள விடுங்கள்.

*அதிர்வு நின்றால்* எஞ்சின் பக்கம். மவுண்டிங் ரப்பர், கியர்பொக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டம், போல்ற்கள். இங்கே ஒன்றைக் கிட்டவாகப் பார்க்க வேண்டும். மொறிஸின் 5/16 அங்குலப் போல்ற்றும் நிசானின் 8 மி.மீ. போல்ற்றும் கையில் எடுத்தால் ஒன்றுபோலவே இருக்கும். தடிப்பில் ஒரு மயிரிழை வித்தியாசம், புரியில் பெரிய வித்தியாசம்: மொறிஸின் புரி நெருக்கம், நிசானின் புரி அகலம். ஒன்றின் நட்டை மற்றதில் போட்டால் இரண்டு சுற்றுப் போய்ப் பிடிக்கும், சாவியால் இறுக்கினால் இறுகியதுபோலத் தெரியும். புரி அரைந்த அந்த நட் சில மாதத்தில் கழன்று விழும். மவுண்டிங்கில் உள்ள ஒவ்வொரு நட்டையும் கழற்றி, கையால் கடைசி வரை சுற்றிப் போகிறதா என்று பாருங்கள். புதிதாக வெல்டிங் செய்த தாங்கிகளில் மயிர் வெடிப்பு இருந்தாலோ, அவை பூட்டிய சட்டத்தின் இரும்பு துருப்பிடித்து மெலிந்திருந்தாலோ காரை நிறுத்திவிட்டு வெல்டிங்காரரைக் கூப்பிடுங்கள்.

*அதிர்வு தொடர்ந்தால்* சில்லு, ரயர், புறொப்பெலர் ஷாப்ற். சில்லுகளை முன்பின் மாற்றிப் பாருங்கள், அதிர்வும் இடம் மாறினால் ரயர்தான். மாறாவிட்டால் ஷாப்ற். சன்னியின் முன் துண்டையும் மொறிஸின் பின் துண்டையும் வெட்டி ஒட்டிய ஷாப்ற் அது. காருக்குக் கீழே போய் நீளவாக்கில் பாருங்கள்: இரண்டு முனையிலும் உள்ள கவைகள் ஒரே நேரில் இருக்க வேண்டும். திரும்பியிருந்தால் எவ்வளவு பலன்ஸ் செய்தாலும் அதிர்வு போகாது. அடுத்தது சரிவு. கியர்பொக்ஸின் வாலும் டிபரன்சலின் மூக்கும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக இருக்க வேண்டும். கைத்தொலைபேசியின் மட்டம் பார்க்கும் வசதியை வைத்தே அளக்கலாம். ஷாப்ற்றோடு சேரும் கோணம் 3 பாகைக்குள் இருந்தால் நல்லது. கூடினால் கியர்பொக்ஸ் தாங்கியின் கீழே தகடு வைத்துச் சரிசெய்யலாம். கார் சில்லில் நிற்கும்போது ஷாப்ற் கியர்பொக்ஸுக்குள் இன்னும் 20 மி.மீ. அளவு நுழைய இடமும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பள்ளத்தில் விழும்போது கியர்பொக்ஸின் வாலை உடைக்கும்.

ஷாப்ற்றை வெட்டி ஒட்டுவது லேத் வேலை. லேத்தில் ஏற்றி நேர்பார்த்து ஒட்டி, பலன்ஸ் செய்ய வேண்டும். தரையில் வைத்துக் கண்ணளவில் ஒட்டிய ஷாப்ற் ஒன்று உங்கள் காரில் இருப்பது தெரிந்தால், அதிர்வு இல்லாவிட்டாலும் மாற்றுங்கள். ஓடும்போது அது விட்டால் தரையைக் கிழித்துக்கொண்டு உள்ளே வரும்.

கியர் போடும்போது அரைக்கிறது

மொறிஸின் கிளச் பெடல் கம்பிகளால் இழுப்பது. சன்னியின் கியர்பொக்ஸ் ஒயில் அழுத்தத்தாலோ கேபிளாலோ வேலை செய்வது. அந்த இரண்டையும் இணைத்த இடத்தில் அசைவு தொலைகிறது. எஞ்சினை ஓடவிட்டு, பெடலை முழுதாக மிதித்துப் பிடித்து, ஐந்து வினாடி பொறுத்து றிவேர்ஸ் போடுங்கள். அப்போதும் அரைத்தால் கிளச் விடவில்லை. கீழே ஒருவரை வைத்து, பெடலை மிதிக்கும்போது கிளச் கவையின் நுனி எவ்வளவு அசைகிறது என்று அளவுங்கள். 10 மி.மீ.கூட அசையாவிட்டால் கிளச் ஒயில் குழாயிலுள்ள காற்றை எடுத்துப் பாருங்கள், பிறகு பெடல் கம்பியின் நீளம், பிறகு மாஸ்டரும் கீழ்ச் சிலிண்டரும் ஒரே காரின் சோடியா என்பது.

அசைவு போதும், இன்னும் அரைக்கிறது என்றால் கியர்பொக்ஸை இறக்க வேண்டும். மொறிஸ் கியர்பொக்ஸையே வைத்து நடுவில் தகடு கடைந்து பூட்டியிருந்தால் அந்தத் தகட்டின் மையத்தை டயல் கேஜ் வைத்துப் பார்க்கிறவரிடம் கொடுங்கள். ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 5 பங்குக்கு மேல் விலகினால் முன் பெயரிங் நிலைக்காது.

ஸ்பீடோ பிழை, எஞ்சின் 60இலேயே கத்துகிறது

இரண்டும் பல்லுக் கணக்கு. 948 மைனரின் டிபரன்சல் பல்விகிதம் 4.55, 1098இனது 4.22. 4.55ஐ எடுத்துவிட்டு 4.22ஐப் பூட்டினால் எஞ்சின் ஆறுதலாக ஓடும். ஸ்பீடோவைக் கைத்தொலைபேசியின் வேகக் காட்டியோடு ஒப்பிட்டு, எவ்வளவு பிழை என்று தெரிந்துகொண்டு ஓட்டலாம். பின்பக்கம் 'டொங்' என்று கேட்டு, கியரில் இருந்தும் கார் நகராவிட்டால் அச்சுத் தண்டு முறிந்துவிட்டது. கூடிய வலுவுக்கு மைனரில் முதலில் முறிவது அதுதான். கிளச்சை மெதுவாக விடுங்கள்.

பிறேக் போதவில்லை, ஒரு பக்கம் இழுக்கிறது

இதில் படிப்படியாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். 948 மைனருக்கு நாலு சில்லிலும் 7 அங்குல டிரம், 1098க்கு முன்னால் 8 அங்குலம். ஒரே குழாய் வரிசை. ஓரிடத்தில் விட்டால் நாலும் போகும். பெடல் தானாக இறங்கினாலோ, டிரம்முக்குள் ஒயில் இருந்தாலோ அன்றே பிறேக் வேலைக்காரரிடம். மாஸ்டர் சிலிண்டர் ட்றைவரின் காலடியில் சட்டத்துக்குள் இருக்கிறது. புது சைலன்சர் பைப் அதற்குக் கிட்டப் போனால் பிறேக் ஒயில் சூடாகிப் பெடல் பஞ்சாகும். பைப்பை மாற்றிப் போடுங்கள். எஞ்சின் மட்டும் மாறி, 7 அங்குல டிரம்மோடு ஓடுகிற மைனர் என்றால் முன்பக்கத்தை 8 அங்குலத்துக்கு மாற்றும் வரை 60ஐத் தாண்ட வேண்டாம். முன் சில்லைத் தாங்கும் புரிமூட்டுகளுக்குத் தவறாமல் கிறீஸ் அடியுங்கள். தேய்ந்தால் சில்லு மடிந்து விழும். எஞ்சின் மாறியதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவிலும் மாற்றியிருக்க வேண்டும். விபத்தென்று வந்தால் காப்புறுதிக்காரர் முதலில் பார்ப்பது எஞ்சின் இலக்கத்தைத்தான்.

ஒயில் லைற் ஐடிலில் மின்னுகிறது

டிப்ஸ்ரிக்கை முதலில் பாருங்கள், ஆனால் அதை முழுதாக நம்பவேண்டாம். எஞ்சின் சன்னியில் இருந்த சரிவிலேயே மைனரிலும் இருக்கும் என்றில்லை. டிப்ஸ்ரிக் வேறு எஞ்சினுடையதாகவும் இருக்கலாம். ஒருமுறை ஒயிலை முழுதாக வடித்து, புத்தகம் சொல்லும் அளவை அளந்து ஊற்றி, டிப்ஸ்ரிக்கில் அந்த இடத்தில் புதிதாகக் கீறி வையுங்கள். பிறகு சுவிச்சைக் கழற்றிக் குழாய் வைத்த அழுத்த மீற்றரை அதே துளையில் பூட்டிப் பாருங்கள். மீற்றர் நல்ல அழுத்தம் காட்டினால் சுவிச்சை மாற்றுவதோடு சரி. சூடான எஞ்சின் 2000 சுற்றில் 30 இறாத்தலுக்குக் கீழே காட்டினால், அல்லது அடியிலிருந்து 'டொக் டொக்' என்று தட்டினால், அங்கேயே நிறுத்துங்கள். கராஜுக்கு ஓட்டிக்கொண்டு போகாமல் கட்டி இழுத்துக்கொண்டு போங்கள்.